பர்மனென்ட் வீட்டுச் சம்பந்தம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் மாறாதது என்பதற்குத் தமிழில் என்னென்ன சொல் இருக்கிறது, எதை எங்கே போடுவார்கள் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். மாதா கோயிலில் அது நித்தியம். சங்கத்துக் கொடிக்குக் கீழே நிரந்தரம். மீன்காரம்மாவுக்கு வாடிக்கை. பத்திரம் எழுதுகிறவர் “சந்திர சூரியர் உள்ளவரை” என்று எழுதுவார். அப்படி எழுதின பத்திரங்கள் என் பீரோவில் இருக்கின்றன.

ஆனால் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் இவை எல்லாவற்றையும் விடக் கனமான சொல் ஒன்று உண்டு. பர்மனென்ட். பெண் கேட்டு வந்தால் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்: “பையன் பர்மனென்டா, கான்ட்ராக்டா?”

நான் கான்ட்ராக்டில் கூலிக்குச் சாரம் கட்டியவன். இன்று சாரக் குழாயும் என்னுடையது, லாரியும் என்னுடையது. எண்ணூரில் என் சாரம் ஏறாத புகைபோக்கி எது என்று யாராவது காட்டட்டும். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே போன ஆவணியில் அந்தச் சொல் வந்து குறுக்கே உட்கார்ந்தது.

என் மகள் விரும்பிய பையன் ஃபிட்டர். எந்தத் தொழிற்சாலையில் பராமரிப்புக்காக எந்திரத்தை நிறுத்துகிறார்களோ அங்கே போவான். முடிந்ததும் அடுத்த இடம். எனக்கும் என் மனைவிக்கும் சம்மதம். என் அக்காவுக்கு இல்லை. எங்கள் வழக்கப்படி நிச்சயத் தட்டை அத்தைதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் கை படாத தட்டை வாங்க யாருக்கும் மனம் வராது.

அக்காவின் புருஷன் பர்மனென்ட். அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலம் ஆயிற்று. அவரும் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அக்கா புதிய ஆளிடம் பேசினால், “எங்க வூட்டுக்காரரு பர்மனென்ட்டு” என்றுதான் ஆரம்பிப்பாள்.

நிச்சயத்தன்று வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டைத் தொடவில்லை.

“இந்த மாசம் வேலை கீது. அடுத்த மாசம் இன்னா பண்ணுவே?” என்று பையனைக் கேட்டாள்.

“வேற கம்பெனிம்மா.”

“அப்பால?”

“அதுக்கு அப்பால வேற.”

“பஸ்ஸு மாதிரி சொல்றான் பாரு,” என்றாள் என்னிடம். “டேய் தம்பி, உன் பொண்ணுக்கு ஒரு பர்மனென்ட்டு கெடைக்கலியா?”

என் மகள் தலை நிமிரவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பையன்தான் பேசினான். “எங்க நைனா பர்மனென்ட்டும்மா. உங்க வூட்டுக்காரரு வேலை செஞ்ச அதே கம்பெனி. மூடினப்புறமும் சாவற வரைக்கும் டெய்லி காலைல யூனிஃபார்ம் போட்டுக்கினு கேட்டாண்ட போய் நிப்பாரு.”

அக்கா அவனை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவைப் பார்த்தாள். “டிபன் கட்டிக் குடுப்பியா?”

“குடுக்காம? அப்படியே திருப்பி எடுத்துக்கினு வருவாரு. மூடியக்கூட தொறந்திருக்க மாட்டாரு.”

“எங்க வூட்டுக்காரரு துன்னுட்டு வருவாரு,” என்றாள் அக்கா. “மூடின கேட்டுக்கு எதிர்ல குந்திக்கினு. ரசம் ஏன் வெக்கலன்னு என்னாண்ட சண்டை வேற.”

அந்த அம்மாள் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

தொழிற்சாலை போயிற்று, சம்பளம் போயிற்று, ஆளும் போயாயிற்று. அந்த ஒரு சொல்லைத்தான் அக்கா இத்தனை நாளும் உடுத்திக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டு ஒரு கல்யாணம் நடத்த எனக்கு வசதி இருக்கலாம், மனசு இல்லை.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தட்டைத் தூக்கினாள். அந்த அம்மாளிடம் நீட்டியபடி சத்தமாகச் சொன்னாள்:

“பர்மனென்ட்டு வூட்டு சம்பந்தம்னு சொல்லித்தான் குடுப்பேன். சரியா?”

“அப்படியே சொல்லுங்கக்கா,” என்று அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.