வாத்தியாரம்மாவின் துன்பியல் பாடம்

எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்தது நான்தான். நாற்பதை நெருங்கும் வயதில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று கிளம்பியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் வந்து மலையாகக் குவியும். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான். மடித்து முடிப்பதற்குள் ஒரு சொல்லுக்கு அவள் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

பாடம் ஒரு பழைய துன்பியல் நாடகம். யார் பேச்சையும் கேட்காத அரசன் ஒருவன் தன் கோட்டைக் கதவைத் தானே திறந்துவிட்டு அழிகிறான்.

"தனிமொழி?" என்பேன்.

"மேடையில யாருமில்லாதப்ப தனக்குத்தானே பேசுறது."

"நீ குளிக்கிறப்ப பேசுவியே, அந்த மாதிரியா?"

"மடிக்கிற வேலையப் பாரு."

இப்படியே முன்னுணர்த்தல், உச்சக்கட்டம், வீழ்ச்சி என்று போய்க்கொண்டிருந்தோம். நாடக முரணில்தான் சிரிப்பு நின்றது.

"பாக்குற எல்லாருக்கும் தெரியும், மேடையில நிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் விரிப்பை நழுவவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பாய்லர் அறையையே பார்த்தாள்.

அங்கே அவள் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். நீராவி மிஞ்சினால் மேலே உள்ள பாதுகாப்பு வால்வு தானே திறந்து வெளியே விட்டுவிடும். விட்டால் நீராவியில் சூடேறும் இஸ்திரி உருளைகள் ஆறிப்போகும், முதலாளி குதிப்பார். அதனால் வால்வு திறக்காதபடி அதன் கம்பியில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருந்தான். சில நாட்களாக பாய்லரின் இணைப்பிலிருந்து மெல்லிய சீறல் ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் அது கேட்டது. வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்றவனுக்கு மெல்லிய சத்தம் எதுவும் காதில் விழாது.

நேராக அவனிடம் போனாள்.

"டேய், அந்தக் குண்டக் கழட்டுடா. சீறுற சத்தம் கேக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா."

"அதான்டா பயமா இருக்கு."

"இதோடதான் இத்தன வருஷம் குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாததா? ஒரு நாடகம் படிச்சதும் உனக்கு எல்லாமே நாடகமாத் தெரியுது!"

முதலாளியிடம் சொன்னாள். அடுத்த மாதம் ஆள் வந்து பார்ப்பான் என்று கையை உதறிவிட்டார். அந்த மனிதருக்கு விரிப்பு வெளுத்தால் போதும், வேறு எது கருகினாலும் கவலையில்லை. அவள் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் பாய்லருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வெடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்து வெடிக்கட்டும்."

முணுமுணுத்தபடி கழற்றினான். அதன்பிறகு அவள் கூடத்தில் இருக்கும்வரை குண்டு தரையில்தான் கிடந்தது.

"எனக்குப் பயந்து கழட்டுறான். ஆபத்துன்னு நம்பிக் கழட்டல" என்றாள் என்னிடம். பரீட்சையே வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். தம்பிதான் விடவில்லை. "உம்மேல சத்தியமா தொடமாட்டேன், போய் எழுதிட்டு வா" என்று அவனே பஸ் ஏற்றி அனுப்பினான்.

அன்று பார்த்து முதலாளி வந்து நின்றார். மதியத்துக்குள் விரிப்புகள் போயாக வேண்டுமாம். தம்பி குனிந்து குண்டை எடுத்தான்.

"மாட்டாதடா!" என்று தடுப்பைத் தட்டிக் கத்தினேன்.

"அக்கா வர்றதுக்குள்ள கழட்டிடுறேன்!"

சீறல் ஏறிக்கொண்டே போனது. அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அழுத்தமானியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்களை எல்லாம் முற்றத்துக்கு விரட்டிவிட்டு அவனை இழுத்துவர ஓடினேன். கூடத்து வாசல்படி வரைதான் போக முடிந்தது. கூரை எழும்பி விழுந்தது.

பரீட்சை மண்டபத்து வாசலில் நான் காத்து நின்றபோது அவள் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"எல்லாம் நாம படிச்சதுதான்டி! அரசனப் பத்தி மூணு பக்கம்..."

அப்போதுதான் என் தலையில் படிந்திருந்த சுவர்ச் சுண்ணாம்பைப் பார்த்தாள். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"நான் வர்றதுக்குள்ள கழட்டிடுறேன்னு சொன்னானா?" என்று கேட்டாள்.