நிலாவில் கால் வைத்த அன்று எங்கள் வீட்டில்

எங்கள் ஆச்சி டைரி எழுதுவாள் என்று சொன்னால் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். மனதில் பட்டதையெல்லாம் உருகி உருகி எழுதியிருப்பாள் என்று. அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. மீன் என்ன விலை, தண்ணீர் லாரி வந்ததா, வீட்டுக்கு யார் வந்தார்கள், வந்தவர்கள் சாப்பிட்டார்களா, சாப்பிடாமலே போனார்களா, இவ்வளவுதான். தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. அந்தக் கடைக்கு எண்ணெய் போடும் மண்டிக்காரர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு டைரி தருவார். சும்மா வந்த பொருளை வீணாக்கக் கூடாது என்றுதான் ஆச்சி எழுத ஆரம்பித்தாள் என்பார் அப்பா. நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தவள், வந்த வருடம் தொடங்கி ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள்.

டைரிகளில் ரகசியம் எதுவும் இல்லாததால் யாரும் அவற்றை ஒளித்து வைக்கவில்லை. ஆச்சியின் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் கிடந்தன. ஃபிரிட்ஜ் எந்த வருடம் வந்தது, எந்த மாமா யார் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டார் என்று சண்டை கிளம்பினால் பெட்டி வெளியே வரும். டைரி சொன்னால் தீர்ப்பு. அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

உலகம் அந்த டைரிக்குள் நுழைந்ததே இல்லை என்று சொல்லலாம். ஸ்கைலாப் என்ற விண்வெளிக்கூடம் உடைந்து எல்லோர் தலையிலும் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நாளில் ஆச்சி எழுதியது இது: ‘மேலேயிருந்து ஏதோ விழும் என்றார்கள். விழவில்லை. துணி காய்ந்துவிட்டது.’ எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு யுத்தம் நடந்தபோது, ‘விளக்கை அணைக்கச் சொன்னார்கள். முறுக்கு கருகிவிட்டது.’ அதோடு அந்த யுத்தம் எங்கள் வீட்டில் முடிந்தது.

இந்த டைரிகளால் ஒரு பிரயோஜனம் உண்டு என்று கண்டுபிடித்தவர் சித்தப்பா. அவர் பி.காம். முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே இருந்தார். வேலை கிடைக்கவில்லையே தவிர, பொது அறிவு மட்டும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். ஒன்பது வயதில் நான் அகப்பட்டேன். டிசம்பரில் பள்ளிகளுக்கிடையே வினாடி வினாப் போட்டி. எனக்கோ வருடங்கள் மண்டையில் நிற்கவே நிற்காது.

“ஒலகத்துல நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும் பாப்பா? நம்ம வூட்ல இன்னா நடந்துச்சோ அதான் நிக்கும்” என்றார் சித்தப்பா. “இத அதுல மாட்டிக்கினு போ, அவ்ளோதான்.”

மொட்டை மாடியில் ஒரு தொடையில் பொது அறிவுப் புத்தகத்தையும் மறு தொடையில் ஆச்சியின் டைரியையும் விரித்துக்கொண்டு உட்காருவார். பெர்லின் சுவர் இடிந்த அன்று எங்கள் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, கட்டில் மேல் ஸ்டவ்வை வைத்துச் சமைத்திருந்தார்கள். செர்னோபில் அணு உலை வெடித்த அன்று பால் திரிந்துவிட்டது. கபில்தேவ் என்று பெயர் சொல்லவே தெரியாத ஆச்சி, இந்தியா உலகக் கோப்பையை வென்ற இரவைப் பற்றி, ‘எதிர்வீட்டில் விடிய விடியச் சத்தம். தலைவலி’ என்று எழுதியிருந்தாள். நம்ப மாட்டீர்கள், எல்லாம் கல்வெட்டு மாதிரி பதிந்துவிட்டன. இன்றைக்கும் யாராவது செர்னோபில் என்றால் எனக்குத் திரிந்த பால் வாடைதான் அடிக்கிறது. தெருவில் என் பெயர் பரவி, மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “நான் மொத மொத உங்க வூட்டாண்ட வந்தது என்னிக்கினு சொல்லு பாப்பா” என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. எனக்கு இருந்த ஒரே அத்தை. துறைமுகத்துக்கு எதிரே, கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குக் காகிதங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். சில சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப் போவாள். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டு, அம்மா சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டும் அத்தை அந்தக் குளிர்ந்த அறைக்குள் வேறு ஆள். பெரிய பெரிய மீசைக்காரர்கள் அவள் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்று, “மேடம், நம்ம பேப்பர் ரெடியா?” என்பார்கள். இரு என்று கையைக் காட்டுவாள். இருப்பார்கள்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. தென்காசிப் பக்கம் இரும்புக் கடை வைத்திருந்த குடும்பம். பையனுக்கு இருபத்தெட்டு வயது. வேலைக்குப் போகிற பெண் வேண்டாம், கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு முப்பது முடிந்திருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; ஜாதகம் பார்க்கிற வழக்கமில்லை. ஆகவே வயது என்பது வாயால் சொல்வதுதான். இருபத்தாறு என்று சொல்லிவிட்டார் அப்பா. கோயிலில் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்பார்கள், ஆனால் அதற்குள் நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, இரண்டு பக்கமும் திரும்ப முடியாத தூரத்துக்கு வந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. தம்பியான சித்தப்பாவுக்கு நிஜத்தில் இருபத்தேழு. அக்காவை விடத் தம்பி மூத்தவனாக இருக்க முடியாதே, அவரும் இருபத்தைந்துக்கு இறங்கினார். அந்த மாதம் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு வயது குறைந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அத்தை வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரியும். ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் என் காதுபடவே சொன்னாள்.

“எனக்கு இந்த எடம் வேணாம்ணே. நான் வேலைய விட மாட்டேன்.”

“முப்பது வயசு ஆயாச்சு. இன்னும் எவன் வருவான்னு ஒக்காந்திருக்கே?” என்றார் அப்பா. ஆச்சி ரசத்தை ஊற்றினாள். அம்மா அப்பளத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் முப்பது, வாசலைத் தாண்டினால் இருபத்தாறு. இந்த இரண்டுக்கும் நடுவில் அத்தை குனிந்து சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள்.

அவர்கள் பார்க்க வருவதற்குச் சில நாள் முன்பு, சித்தப்பா இல்லாத நேரமாகப் பார்த்து அத்தை மாடிக்கு வந்தாள். “நிலாவுல கால் வெச்சாங்களே, அதுக்கு சித்தப்பா என்ன குடுத்திருக்கான்?” என்று கேட்டாள்.

“தாத்தா குடையைத் தொலைச்சது.”

“அது சப்புனு இருக்கு. நான் ஒண்ணு தரேன் பார்.” அறுபத்தொன்பதாம் வருட டைரியைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். குடை தொலைந்த வரிக்கு மேலேயே, ‘காலையில் பெண் குழந்தை. சுகப்பிரசவம்’ என்று ஆச்சியின் எழுத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுவிட்டுச் சித்தப்பா குடையை எடுத்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

“அன்னிக்கா நீ பொறந்தே?”

“அன்னிக்குத்தான். இனிமே நிலான்னா நான். சித்தப்பாகிட்ட இப்ப சொல்லாத. சபையில சொல்லி அசத்து.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிலாவையே அத்தை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கழித்தல் கணக்கில் நான் கெட்டிக்காரிதான். ஆனால் அதை அத்தை மேல் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. திருவொற்றியூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர்கள், எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டு, கேசரி ஆறி இறுகிய பிறகு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவருடைய தாய்மாமா. பேசியதெல்லாம் தாய்மாமாதான். மாப்பிள்ளை தரையில் இருந்த கோலம் போட்ட டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஜெபம் முடிந்து அத்தை காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பொண்ணுக்கு என்ன வயசுன்னு சொன்னிய?” என்று கேட்டார் தாய்மாமா.

“இருபத்தாறு முடிஞ்சிருக்கு” என்றார் அப்பா, கண்ணிமைக்காமல்.

அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் சித்தப்பா என்னை நடுக்கூடத்தில் நிறுத்தினார். “எங்க பாப்பாகிட்ட ஒலகத்துல எத வேணா கேளுங்க. அன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சுனும் சேத்து சொல்லும்” என்றார். மரியாதைக்காகத் தன் பாஷையைக்கூடக் கொஞ்சம் துவைத்துப் போட்டிருந்தார்.

பெர்லின் சுவரையும் கட்டில் மேல் சமையலையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். ஸ்கைலாப்பையும் காய்ந்த துணியையும் சொன்னபோது மாப்பிள்ளையே தலையைத் தூக்கிச் சிரித்தார். “ஏ, கெட்டிக்காரப் புள்ளதான்” என்றார் தாய்மாமா. அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம். காரியம் பழம்தான் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

அப்போது, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது வழக்கமில்லை என்றாலும், அத்தை குனிந்த தலை நிமிராமல், “நிலா சொல்லு பாப்பா” என்றாள்.

அண்ணன் மகள் மேல் பிரியம் என்று எல்லோரும் புன்னகை செய்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேடைக்கென்று பழகி வைத்திருந்த குரலில் கணீரென்று சொன்னேன். “மனிதன் முதன்முதலில் நிலாவில் கால் வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ஜூலை மாதம். அன்றைக்கு எங்கள் வீட்டில் அத்தை பிறந்தாள்.”

கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன். தாய்மாமா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கினார்.

“அறுபத்தொம்பதா?”

“ஆமா. டைரியில இருக்கு, எடுத்துட்டு வரட்டா?”

“அது வேற அத்த பாப்பா” என்றார் சித்தப்பா.

“எனக்கு ஒரே அத்தைதானே?”

தாய்மாமா ஆச்சியைப் பார்த்தார். “நீங்களா எழுதுனிய?” ஆச்சி ஒரு முறை அப்பாவைப் பார்த்தாள், ஒரு முறை பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். பிறகு, “நடந்ததைத்தான் எழுதுவேன்” என்றாள்.

யாரும் சத்தம் போடவில்லை. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு, பெண்ணுக்கு முப்பது. தகவல் என்னவென்று வாசற்படியிலேயே தெரிந்துவிட்டது.

அப்பா என் காதைத் திருகிய திருகில் ராத்திரி அந்தப் பக்கம் வைத்துப் படுக்க முடியவில்லை. “நிலாவுக்குக் கொட தொலஞ்சதுதான குடுத்தேன், இத எங்கேர்ந்து புட்ச்சே?” என்று சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். டைரியில் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். சபையில் சொல்லும்வரை சொல்லாதே என்பதுதான் பேச்சு. கூடத்தில் சொன்னது சபையில் சொன்னதாகுமா ஆகாதா என்று எனக்கே விளங்கவில்லை. வாக்கு என்றால் வாக்கு. சரியான பதிலைச் சொன்னதற்கு இப்படி ஒரு தண்டனை எதற்கு என்று நினைத்து நினைத்து அழுதேன். அத்தை எனக்காகப் பரிந்து பேசவில்லை. அடுக்களையில் நின்றுகொண்டு மீந்துபோன கேசரியைச் சட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படித்தான் நிறையச் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு ஆச்சி எழுதியதைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். ‘மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சரிவரவில்லை. மகள் வயிறாரச் சாப்பிட்டாள்.’ அதே வாரத்தில்தான் உலக மக்கள்தொகை அறுநூறு கோடியைத் தொட்டது என்று செய்தி வந்தது. சித்தப்பா இருந்த மனநிலையில் அதை எதனோடும் மாட்டித் தரவில்லை.

மறுநாள் காலை அத்தை வழக்கம்போல் ஆபீசுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்னால்தான் அவளுக்குக் கல்யாணம் நின்றுபோயிற்று என்று அம்மா சொல்லியிருந்தாள். கிட்டே போய், “அத்தை, இனிமே நான் நிலா சொல்லவே மாட்டேன்” என்றேன்.

அத்தை உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு என் காதை, வலிக்கிற காதை, மெதுவாகத் தடவினாள்.

“அப்படி விட்றாத. அடுத்த தடவையும் இதே மாதிரி சத்தமா சொல்லணும்” என்றாள்.

டிசம்பர் போட்டியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு நடந்தும் என் மேல் கோபமில்லாமல், நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறாளே என்று அழுகை வந்துவிட்டது. அவள் தெருமுனை திரும்பியதும் நேராக மாடிக்கு ஓடி, அவளுக்காகவாவது ஜெயித்துவிட வேண்டும் என்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன்.