வெறும் வானத்தில் வந்த கருந்துளை

களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவள் யசோதினி. கலாநிதி ஜெயரூபன் மீது அவளுக்கு இருப்பது கோபமில்லை. கோபம் இவ்வளவு காலத்தில் ஆறியிருக்கும். அது அருவருப்பு.

முதுகலைப் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது, அகச்சிவப்பு ஒளியில் அபாரமாக ஒளிரும் தூரத்து விண்மீன் திரள்களை. அவற்றை மூடியிருக்கும் தூசு, உள்ளேயுள்ள வெளிச்சத்தைக் குடித்துச் சூடாகி அப்படி ஒளிர்கிறது. உள்ளே இருப்பது கும்பலாகப் பிறக்கும் நட்சத்திரங்களா, வாயுவை விழுங்கும் கருந்துளையா? கருந்துளை என்றால், தூசைத் துளைத்து வெளியே வரக்கூடியது அதன் வலுவான எக்ஸ் கதிர். அதுவும் நம்முடைய காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. விண்ணில் சுற்றும் தொலைநோக்கிகள்தான் அதைப் பிடிக்கின்றன. அவற்றின் பழைய பதிவுகளை யாரும் இணையத்தில் எடுக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, குசினிக்குப் பக்கத்து அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு யசோதினி அவற்றைப் பார்த்தாள். கொழும்பிலிருந்து ஜெயரூபன் வழிநடத்தினார்.

ஒரு திரளிலிருந்து மெல்லிய எக்ஸ் கதிர் வருவதுபோலத் தெரிந்தது. அது உண்மையா என்றறிய, பக்கத்து வெறும் வானத்தில் ஒரு வட்டம் போட்டு, அங்கே விழும் கதிர்களின் அளவைக் கழிக்க வேண்டும். கழித்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை. வட்டத்தை இடம் மாற்றிப் பார்த்தும் அப்படித்தான். அதை அவருக்குச் சொன்னாள்.

கொஞ்ச நாளில் அவர் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். கருந்துளை கிடைத்துவிட்டதாம். அவளுடைய பெயர் முதலில் இருந்தது. அவர் வட்டத்தைப் படத்தின் ஓரத்தில், கருவிக்குக் கதிர் குறைவாகவே எட்டும் மூலையில் போட்டிருந்தார். கழிக்கும் அளவு குறைந்தால் மிச்சம் கூடும். அவள் அதே கழித்தலை எதுவுமே இல்லாத வானத்தில் செய்தாள். அங்கேயும் 'கருந்துளை' வந்தது.

"சேர், இந்த மூலைய எடுத்தா வெறும் வானத்திலயும் கருந்துளை வருது" என்றாள் தொலைபேசியில்.

"ஏதோவொரு வட்டத்த எடுக்கத்தானே வேணும்?"

"ஏன் இத எடுத்தீங்க?"

"இதிலதானே வருது." அவர் சிரித்தார். "உங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் சும்மா கிடைக்காது. என்னாலதான் கிடைக்குது."

தொலைபேசியை வைத்த பிறகு, காதைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள்.

கட்டுரை இதழில் வருவதற்கு முன்னமே அவர் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துவிட்டார். ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். அப்பா வினாயகமூர்த்தி வீடு வீடாகப் போய் அழைத்தார். மேடையில் ஜெயரூபனே பொன்னாடை போர்த்தினார். அவர் கை தோளில் கிடந்த நேரம் முழுக்க அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஒலிவாங்கி கைக்கு வந்ததும் சொன்னாள்: "நான் ஒண்டும் கண்டுபிடிக்கல்ல."

சபை கைதட்டியது. "என்ன ஒரு அடக்கம், பாருங்க" என்றார் ஜெயரூபன்.

"இது அடக்கம் இல்ல. அந்தக் கட்டுரை பொய். செய்தது யாரெண்டு சேருக்குத் தெரியும்."

யாரோ ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் சிற்றுண்டிப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பொன்னாடையைத் தான் உட்கார்ந்திருந்த கதிரையில் போட்டுவிட்டு அவள் இறங்கினாள்.

வீட்டில் அப்பா, "சபைக்கு நடுவில சொல்லத்தான் வேணுமா, மகள்?" என்றார்.

"தனியச் சொன்னன் அப்பா. அவர் சிரிச்சார்."

இதழின் ஆசிரியருக்கும் அவள் விளக்கம் அனுப்பினாள். கட்டுரை வெளிவராமல் நின்றது. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று ஜெயரூபன் சொல்லித் திரிந்தார். வேறொரு பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து பதிந்து, அதே திரளையே மறுபடி எடுத்து முடித்தாள். எக்ஸ் கதிர் தென்படவில்லை. கருந்துளை மிக ஆழத்தில் புதைந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதே அவள் கண்ட முடிவு. அதை ஒரு சிறிய இதழ் வெளியிட்டது. பாராட்ட ஒருவரும் வரவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் ஓர் இணையவழிக் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. ஆய்வில் நேர்மை பற்றி ஜெயரூபன் பேசுகிறாராம். கீழே அவர் படம், அதே சிரிப்போடு. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.