மண்டபத்து முகப்புக்குக் கல் பார்க்கப் போனோம்

1991, சித்திரை மாதம். காலை ஒன்பது மணிக்கே அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் வெயில் உறைத்தது. என் ஒயர் கூடையில் தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கல். கல்தான் பயணத்துக்குக் காரணம்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் ஊர்ப் பொதுவில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் என் அண்ணன். சுவர் எழும்பிவிட்டது, முகப்பில் என்ன பதிப்பது என்பதில்தான் ஊர் இரண்டாகிவிட்டது. பாதிப் பேர் கல் என்றார்கள், பாதிப் பேர் பளபளக்கும் டைல்ஸ் என்றார்கள். கூட்டம் போட்டும் தீராமல், "என் தங்கச்சி சரசு சொல்றதுதான் முடிவு. அவ எடுத்த சேலை என்னைக்காச்சும் சோடை போயிருக்கா?" என்று அண்ணன் அறிவித்துவிட்டார். சேலைக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆவணியில் அண்ணன் மகளின் கல்யாணம்தான் அங்கே முதல் கல்யாணம். முகப்பு சரியாக அமையாவிட்டால் சம்பந்தி வீட்டார் முன்னாலும் ஊர் முன்னாலும் அண்ணன் தலைகுனிய வேண்டும்.

துணைக்கு வந்தவர் அண்ணன் மனைவி, என் மதினி. அவர் டைல்ஸ் கட்சி.

பஸ் ஏறுமுன் கல் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் ஒரு பச்சைக் கல்லை எடுத்தார். சேலைக் கடையில் செய்வது போலவே, "வெளிச்சத்துக்குக் கொண்டாங்க" என்றேன். வாசலில் வைத்து, தூசி போக ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்தார். அப்படியே மயில்கழுத்துப் பச்சை! மதினியே குனிந்து தடவிப் பார்த்தார். சதுர அடி பதினெட்டு ரூபாய். டைல்ஸ் இருபத்திரண்டு. வித்தியாசம் பெரிதில்லை என்பதால் முடிவெடுக்க விலையும் உதவவில்லை.

"இதே கல்லு பாலவனத்தத்துல ஒரு கட்டடத்துல இருக்கு, திருச்சுழியிலயும் இருக்கு. பாத்துட்டு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்கம்மா, லோடு ஏத்திருவோம்" என்று ஒரு துண்டைச் சுற்றிக் கொடுத்தார் கடைக்காரர்.

விருதுநகர் பஸ்ஸில் கண்டக்டர் கூடையைக் காலால் நகர்த்தப் பார்த்துத் தோற்றார். "என்னக்கா, உள்ள அம்மியா?"

"கல்யாண மண்டபம்" என்றார் மதினி. கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பாலவனத்தத்தில் இறங்கி, விசாரித்து, அந்தக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றோம். சாம்பல் நிறம். சன்னல் விளிம்பெல்லாம் செம்மண் புழுதி. பச்சை என்று சொல்ல எங்கும் ஒரு பொட்டுகூட இல்லை. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இதுதாம்மா. பச்சைக் கல்லுன்னுதான் சொல்லிப் பதிச்சாக" என்றார் அவர், தாமும் இப்போதுதான் கவனிப்பவரைப் போல அண்ணாந்து பார்த்து.

கூடையிலிருந்த கல்லை ஒத்துப்பார்க்கலாம் என்று பிரித்தேன். செய்தித்தாள் ஈரமாக இருந்தது. உள்ளே இருந்ததும் சாம்பல் நிறக் கல்! நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லை எப்படி மாற்றினார்?

"காட்டுனது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மதினி. அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. நேரே கடைக்குப் போய்ச் சண்டை போடத்தான் தோன்றியது. திருச்சுழியையும் பார்த்துவிட்டுச் சேர்த்துப் போடலாம் என்று மதினி இழுத்துப் போனார்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து பஸ் மாறினோம். அங்கிருந்து திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் உழுது போட்ட கரிசல், நடுநடுவே சீமைக்கருவேல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் மதினி எங்கள் வழக்கைச் சொல்லி நியாயம் கேட்டார். "சுண்ணாம்பு அடிச்சா தாலி ஏறாதாக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார். அந்த யோசனை எனக்குச் சற்று நேரம் ஆறுதலாக இருந்தது.

உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம். இங்கேயும் அதே சாம்பல் சுவர். அதன் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைத் தின்றோம். மதினி பாட்டில் தண்ணீரில் கை கழுவி, முகம் கழுவி, மிச்சத்தைச் சுவர்மேல் வீசி ஊற்றினார்.

சுவர் பச்சையானது.

தண்ணீர் பட்ட இடம் மட்டும், ஒரு முழம் அகலத்துக்கு, காலையில் பார்த்த அதே மயில்கழுத்து. இருவரும் எழுந்து நின்று பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் வெளுத்தது, நடு வெளுத்தது, மறுபடி சாம்பல். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. வெளிச்சத்தில் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அவர் செம்பைக் கவிழ்த்ததை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்கு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் சீமைக்கு நனைந்தால் மட்டும் அழகாக இருக்கும் கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. மதினி சிரித்ததில் அது நின்றுபோனது.

"அப்ப டைல்ஸ்தான்" என்றார்.

நானும் சரி என்றிருப்பேன். மூன்று மணிக்கு பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே மேற்குப் பார்த்த ஒரு கட்டடம், முகப்பெல்லாம் வெள்ளை டைல்ஸ். வெயில் அதில் பட்டுக் கண்ணில் குத்தியது. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எங்கள் மண்டபமும் மேற்குப் பார்த்தது. மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம்.

"மதினி, சம்பந்தி வீட்டுக்காரவுக முதுகைக் காட்டிட்டா உள்ள வருவாக?"

மதினி முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "என்னையக் கேக்காத" என்றார். திரும்பும் வழியெல்லாம் கல், டைல்ஸ், சுண்ணாம்பு என்று மாற்றி மாற்றி முடிவெடுத்தேன்.

ஐந்து மணிக்குக் கடையில் அண்ணன் காத்திருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "பச்சைன்னு ஊருல சொல்லிராதீகண்ணே. சாம்பல்னே சொல்லுங்க. மழை பேஞ்சா மட்டும் பச்சை. கண்ணு கூசாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அண்ணன் காய்ந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னா சரிதான்" என்றார். அந்தக் குரலில் பாதிதான் நம்பிக்கை. லோடு ஏறியது.

ஊருக்குப் போனபின், டைல்ஸே இருந்திருக்கலாமோ என்று மதினியிடம் கேட்காத நாளில்லை. சேலை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆவணியில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். முகப்பு முழுக்க மயில்கழுத்துப் பச்சை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. டைல்ஸ் கட்சிப் பெண்கள் ஏணி வைத்து, குடம் குடமாகச் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி வரிசையில் நின்று பிடிக்கும் குடிதண்ணீர்!

மாப்பிள்ளை வீட்டு பஸ் வரத் தாமதமானது. மேல் வரிசை வெளுக்க ஆரம்பித்தது. மதினி நிறைகுடத்தை இடுப்பில் வைத்தபடி ஏணிப் பக்கத்தில் நின்று தெருமுனையைப் பார்த்தார்.

"வரட்டும் சரசு. அவுக வாரவரைக்கும் காயவிட மாட்டேன்."