விருந்து வீட்டிலை குளிர் அளந்த கதை

வார்மபும்ப விக்கிற தொழிலிலை பாதி வாயாலை செய்யிற வேலை, மற்றப் பாதி வயித்தாலை செய்யிற வேலை. ஓஸ்லோவிலை வீடு வைச்சுக்கொண்டு பல்லுக் கிடுகிடுக்க இருக்கிற உங்களுக்கு வார்மபும்ப எண்டால் என்னெண்டு நான் சொல்லித் தரத் தேவையில்லை. வெளியிலை ஒரு விசிறிப் பெட்டி, உள்ளுக்கை ஒரு நீட்டுப் பெட்டி. வெளிக்குளிருக்குள்ளை கிடக்கிற கொஞ்சநஞ்சம், அந்த எப்பன் சூட்டையும் உறிஞ்சி எடுத்து வீட்டுக்குள்ளை ஊதும். குளிர் கூடக் கூட அதுக்கும் மூச்சு வாங்கும், எங்களை மாதிரித்தான்.

நான் இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூடம் துடைச்சனான். முழங்கால் போன பிறகு மருமகன் தன்ரை கொம்பனிக்கு வரச்சொன்னார். மாமியை ஏன் வேலைக்கு வைச்சவர் எண்டு கேப்பியள். எந்தப் பெட்டி, எங்கை பூட்டுறது எண்டு முடிவெடுக்க முதல் ஒருக்கா வீடு பாக்கப் போகவேணும், அதுக்குப் பேர் பெஃபாரிங். அதுக்கு நோர்வேக்காரர் போனால் எங்கடை சனம் எல்லாத்துக்கும் "யா, யா" எண்டு தலையாட்டிப்போட்டு, அவர் போன பிறகு வேற கதை கதைக்கும். என்னட்டை எண்டால் முகத்துக்கு நேரை சொல்லும். அதோடை எனக்குச் சாப்பாடும் போடும். அதிலைதான் வினை பிடிச்சது.

பெட்டிக்குப் போர்வை

முதல் ஒரு சின்னக் கதை. பெரிய கதை இதிலையிருந்துதான் துவங்கினது. புருசெத்திலை வரிசை வீட்டிலை இருக்கிற சரசு ரெலிபோன் எடுத்து, பெட்டி பேய் பிடிச்ச மாதிரிக் கத்துது எண்டா. நானும் கார்த்திக்கும் போனனாங்கள். கார்த்திக்தான் எங்கடை பூட்டுற ஆள். கோயம்புத்தூரிலை படிச்ச இஞ்சினியர், தலை நரைக்கத் துவங்கின மனிசன். நான் கதைக்கிறதிலை பாதி அவருக்கு விளங்காது. ஸ்க்ரூ முறுக்கேக்கை "ஆண்டி, எப்பன்னா எவ்ளோ?" எண்டு கேப்பார். எப்பன் எண்டால் எப்பன்தான், அதுக்கு ஒரு அளவு இருக்கே? அளவாலைதான் நான் பிறகு கெட்டனான், அதுக்கு வாறன்.

போய்ப் பாத்தால் வெளிப்பெட்டியைத் தடிச்ச போர்வையாலை சுத்தி, மேலை பொலித்தீன் போட்டு, கயித்தாலை இறுக்கிக் கட்டியிருக்கு. காத்துப் போக வழியில்லாமல் உள்ளுக்கை ஐஸ் ஏறி விசிறி உடைஞ்சு போச்சு. நான் வாய்க்கு வந்தபடி ஏசினனான். அவ எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டுபோட்டு, அந்தப் போர்வையை மடிச்சு மார்போடை வைச்சுக்கொண்டு சொன்னா: "எங்களுக்காக வெளியிலை நிண்டு மூச்சு விடுற ஒண்டை, இந்தக் குளிரிலை வெறும் மேலோடை விட உங்களுக்கு மனம் வருமே அக்கா?"

பொம்பிளை பாக்கப் போன மாதிரி

அவ்வளவு ஏச்சு வாங்கியும் சரசுதான் குகனுக்கு என்ரை நம்பரைக் குடுத்தவ. குகன் பஸ் ஓடுறவர். ஹவுகன்ஸ்டுவாவுக்கும் மேலை, காடு துவங்கிற மேட்டிலை ஒரு பழைய மரவீடு வாங்கியிருந்தார். கீழை ஸ்டேசனிலை மழை எண்டால் அவற்றை வாசலிலை ஸ்னோ. அப்பிடி ஒரு இடத்திலை வீடு வாங்கினதுக்கு ஒரே காரணம் அவற்றை அம்மா. எண்பத்தாறு வயசு, சுவாசப்பை பழுது. ஒண்டரை வருசமா முதியோர் இல்லத்திலை இருந்தவ. அங்கை ஒரு குறையும் இல்லை, நல்லாத்தான் பாத்தவை. ஆனால் தமிழ் கதைக்க ஒரு சீவன் இல்லை. மனிசி வரவரச் சாப்பாட்டைக் குறைச்சுக்கொண்டு போனா. கீழ்த்தட்டிலை அறையும் பக்கத்திலை குளியலறையும் இருந்தால் வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அறை எப்பவும் சூடா இருக்கவேணும், விறகடுப்பு எரிக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்குத்தான் வார்மபும்ப.

என்னை ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரச்சொன்னவை. நோர்வேக்காரர் வீட்டிலை பெஃபாரிங் எண்டால் ஒரு கோப்பி, கால் மணித்தியாலம், அலுவல் முடிஞ்சுது. எங்கடையிலை அது பொம்பிளை பாக்கிற சடங்கு. குகன்ரை மனிசி சுபா, அவவின்ரை சகோதரங்கள், மச்சான்மார், சித்தப்பாமார் எண்டு முப்பது பேர் நிக்கினம். பெட்டி எங்கை பூட்டவேணும் எண்டு முப்பது அபிப்பிராயம். குசினியிலை நாலு அடுப்பும் எரியுது, ஆட்டிறைச்சி கொதிக்குது, றோல்ஸ் பொரியுது. சின்னனுகள் அறைக் கதவுகளைத் திறந்து போட்டுக்கொண்டு ஓடுதுகள். நான் ஜக்கெற்றைக் கழட்டினன், பிறகு சுவெற்றரையும் கழட்டினன். சுவரிலை தொங்கின வெப்பமானியைப் பாத்தால் இருபத்துமூண்டு பாகை. "ஹீற்றர் ஏதும் போட்டிருக்கே?" எண்டு கேட்டன். "ஒண்டுமில்லை அக்கா, தொட்டுப் பாருங்கோ" எண்டினம். சுவர் ஹீற்றரைத் தொட்டுப் பாத்தன், ஐஸ் மாதிரி இருந்தது. அடடா, பழைய வீடு எண்டாலும் என்ன இறுக்கமான வீடு எண்டு எனக்குள்ளை ஒரு சந்தோசம்.

கூரைக்குக் கீழை இருக்கிற பரணைப் பாக்கட்டும் எண்டு குகன் ஏணி வைச்சவர். நான் ரெண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டிருந்தன், ஏறேல்லை. பெட்டியிலை பெரிசாப் போட்டிருக்கிற இலக்கம் லேசான குளிருக்குத்தான் சரி, மைனஸ் பதினைஞ்சிலை அது எவ்வளவு தரும் எண்டு தனிப் பட்டியல் இருக்கு. எனக்குத் தெரியாததில்லை. பாத்தனான். பாத்துப்போட்டு, இவ்வளவு இறுக்கமான வீட்டுக்குப் பெரிசு வீண் எண்டு சின்னதை எழுதிக் குடுத்தன். அம்மாவின்ரை அறைக்குப் பெயின்ற் அடிக்க, சுவரிலை இருக்கிற பழைய ஹீற்றரைக் கழட்டட்டோ எண்டு சுபா கேட்டா. கழட்டி எறியுங்கோ எண்டனான். குகன் என்னை வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டு, கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "நீங்கள் சொன்னால் சரி அக்கா, அப்ப நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர நல்ல நாள் பாக்கிறன்."

ஆறாம் நாள்

பொங்கலுக்கு அடுத்த கிழமை அம்மா வந்தா. வந்து ஆறாம் நாள் காலமை சுபா ரெலிபோன் எடுத்தா. வெளியிலை மைனஸ் பதினெட்டு. நானும் கார்த்திக்கும் போனால், அண்டைக்கு நான் பாத்த வீடு அது இல்லை. ஒரு சத்தமில்லை. அம்மாவுக்குத் தடிமன் தொத்தக் கூடாதெண்டு சொந்தக்காரர் ஒருத்தரையும் வரவேண்டாமெண்டிட்டினம். பொரிக்கிற புகை ஒத்துக்கொள்ளாதெண்டு சுபா வீட்டிலை அடுப்பு மூட்டுறதையே விட்டிட்டா, புருசெத்திலை சரசு வீட்டிலை காய்ச்சிக்கொண்டு வாறா. பெட்டி உயிரைக் குடுத்து ஊதுது. ஹோலிலை பதினாறு. அறைக் கதவைச் சாத்தினால் அம்மாவின்ரை கட்டிலடியிலை பதின்மூண்டு.

மனிசி சீலைக்கு மேலை குகன்ரை பஸ் ஜக்கெற்றைப் போட்டு, கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டதும் எந்த ஊர், ஆற்றை மகள் எண்டு துவங்கினா. ஒண்டரை வருசமா அடக்கி வைச்ச கதை எல்லாம் வருது, ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவிலை இருமல். சுபா சொல்லுறா, வந்த முதல் ரெண்டு நாளும் குளிர் குறைவு, விடிய விடியக் கதைச்சவவாம், ரெண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டவவாம். இப்ப போர்வைக்குள்ளை மூஞ்சையை வைச்சுக்கொண்டு படுக்கிறாவாம். நான் கட்டில் விளிம்பிலை இருந்து அவவின்ரை கையைத் தேய்ச்சுக்கொண்டு, எப்பிடி இருக்கிறியள் அம்மா எண்டு கேட்டன். அவ என்னைப் பாத்துச் சிரிச்சா: "அங்கை சூடு இருந்தது, கதைக்க ஆளில்லை, இஞ்சை கதைக்க ஆள் இருக்கு, வாய் திறக்கக் குளிருது பிள்ளை."

கார்த்திக் ஏறின ஏணி

கார்த்திக் அந்த ஏணியை எடுத்து வைச்சு ஏறினார். கனநேரம் வரேல்லை. இறங்கேக்கை தலை முழுக்க மரத்தூள். அந்தக் காலத்திலை குளிர் மறிக்கப் போட்ட மரத்தூள்தானாம், எல்லாம் அமுங்கிச் சரிஞ்சு போய்க் கிடக்காம். அம்மாவின்ரை அறை பின்பக்கம் தனிக்கூரையோடை சேர்த்துக் கட்டினது. அதுக்கு மேலை வெறும் பலகைதானாம். பிறகு என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, அண்டைக்கு எத்தினை பேர் நிண்டவை, எத்தினை அடுப்பு எரிஞ்சது எண்டு கேட்டார். நான் சொன்னன். "ஒரு ஆளே ஒரு குட்டி ஹீட்டர் மாதிரி ஆண்டி" எண்டார்.

உங்களுக்கு ஒரு கதை சொல்லவேணும். நான் துடைச்ச பள்ளிக்கூடத்திலை ஒரு பெரிய மண்டபம் இருந்தது. காலமை ஆறு மணிக்குப் போனால் தண்ணி வாளிக்குள்ளை கை வைக்கேலாது. எட்டரைக்குப் பிள்ளையள் வந்து இருந்து அரை மணித்தியாலத்திலை, ரீச்சர் எழும்பிப் போய் ஹீற்றரைக் குறைப்பா. சனம்தான் சூடு எண்டு இருபத்திரண்டு வருசம் என்ரை கண்ணாலை பாத்தனான். படிக்காத விசயம் எண்டால் மன்னிக்கலாம். கார்த்திக்குக்கு இந்தக் கதையைச் சொன்னன். அவர் தலையிலை இருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "ஆண்டி, அன்னைக்கு அளந்துட்டுச் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டுட்டு அளந்தீங்களா?"

அவிழ்க்காத பை

பெரிய பெட்டிக்கு அண்டைக்கே ஓடர் குடுத்தம். அந்தக் குளிருக்கு நாடு முழுக்கக் கேக்குது, மூண்டு கிழமை செல்லும் எண்டினம். கழட்டின ஹீற்றரைத் திருப்பிப் பூட்டுவம் எண்டால், நான் சொன்னபடி சுபா அதை எறிஞ்சுபோட்டா. குகன் தரையிலை வைக்கிற ஹீற்றர் ரெண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பழைய வீட்டு வயர், ரெண்டாவதைப் போட பியூஸ் விழும், அதோடை வார்மபும்பவும் நிக்கும். கார்த்திக் ரெண்டு நாள் லீவு எடுத்துப் பரணுக்குள்ளை குளிர் மறிக்கிற கம்பளிச் சுருளை அடைச்சார். ஒருத்தரும் கேக்காமல் செய்த வேலை. பதின்மூண்டு பதினைஞ்சாச்சு. அதுக்கு மேலை ஏறேல்லை.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து பாக்கிற தாதி ஒருத்தி இருந்தா. நல்ல பிள்ளை. மானியைப் பாத்து, அம்மாவின்ரை விரலைப் பாத்து, குகனைப் பாத்து, புதுப்பெட்டி பூட்டும் மட்டும் இல்லத்திலை இருக்கட்டும் எண்டு மெதுவாச் சொன்னா. குகன் ராக்சிக்கு ரெலிபோன் எடுத்தார். அம்மாவின்ரை பை கட்டிலுக்குக் கீழை இருந்தது, எடுத்தால் நல்ல பாரம். வீடு சூடேறட்டும், பிறகு அடுக்குவம் எண்டு அவ அதை அவிழ்க்கவே இல்லையாம். நான்தான் தூக்கிக்கொண்டு ராக்சி மட்டும் போனனான். பையை உள்ளுக்கை வைச்சுப்போட்டு அம்மா ஏறக் கை குடுத்தன். அவ என்ரை கன்னத்தைத் தடவி, வஞ்சகம் ஒண்டும் இல்லாமல், உண்மையா அறியிற ஆசையிலைதான் கேட்டா: "அண்டைக்குச் சாப்பாடு நல்லா இருந்ததாமே பிள்ளை?"

முப்பத்தோராம் நாள்

பெரிய பெட்டி ஒரு திங்கக்கிழமை வந்தது. அதுக்கு முதல் வியாழக்கிழமை காலமை, இல்லத்திலை, அம்மா போயிட்டா. குகன் பஸ்ஸைப் பாதியிலை ஆள் மாத்தி விட்டிட்டு ஓடினவர், நேரத்துக்குப் போய்ச் சேரேல்லை. பக்கத்திலை இருந்த தாதிக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்ச் சொல்லு "தண்ணி". அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறா. அம்மா ஏதோ நீளமாக் கதைச்சவவாம், என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு என்னையும் வரச்சொன்னவை. போகாமல் விடுவமோ எண்டு நினைச்சன், பிறகு போனன். வீடு முழுக்கச் சனம், எனக்குத் தெரிஞ்ச அதே முப்பது பேரும், அதுக்கு மேலை இன்னொரு முப்பது பேரும். அடுப்பு நாலும் எரியுது. யன்னல் எல்லாம் ஆவி பிடிச்சு ஒழுகுது. ஆரோ ஒருத்தர் வெக்கை தாங்கேலாமல் வாசல் கதவைத் திறந்து விட்டிருந்தார். புதுப்பெட்டி வந்தபடியே கயிறும் அவிழ்க்காமல் நடையிலை கிடந்தது. அதுக்கு மேலை சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி வைச்சிருந்தினம். நான் ஜக்கெற்றைக் கழட்டாமல், வேர்க்க வேர்க்க, அம்மாவின்ரை அறை வாசலிலையே நிண்டன். மானி சுவரிலை அதே இடத்திலை தொங்குது, நான் பாக்கேல்லை. குகன் மொட்டை அடிச்ச தலையோடை, மரக்கறிச் சோறு போட்ட தட்டு ஒண்டைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தார். ஒரு கோபமும் இல்லை, அதுதான் தாங்கேலாமல் இருந்தது. சுவரிலை ஊதிக்கொண்டிருந்த பெட்டியை நிமிர்ந்து பாத்துப்போட்டுச் சொன்னார்: "இண்டைக்குப் பாருங்கோ அக்கா, அந்தச் சின்னதே போதும்."

இப்ப நான் பெஃபாரிங்குக்குப் போறது கிழமை நாளிலை, சனம் வேலைக்குப் போன பிறகு, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு, தேத்தண்ணியும் வேண்டாமெண்டு முதல் வேலையா ஏணியைக் கேட்டுக்கொண்டுதான், அதாலை ஓஸ்லோத் தமிழருக்குள்ளை எனக்கு மரியாதை தெரியாத மனிசி எண்டுதான் பேர்.