கிதாரை வெட்டிய போஸ்டர்

போஸ்டரை அச்சுக்குப் பிளேட் போட அனுப்பும் நேரத்தில், சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸுக்குள் தேன்மொழி வந்து நின்றாள். ஆமத்தூர்ப் பெண். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிதார் வாசித்துப் பாடுகிறவள். விருதுநகரில் அவளுக்கு முதல் கச்சேரி. போஸ்டர் டிசைன் என்னுடையது.

ஸ்கிரீனைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, என் கிதாரு எங்க?"

கச்சேரி நடத்தும் பாஸ்கர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர்தான் முகம் மட்டும் பெரிதாக வரட்டும் என்று வெட்டச் சொன்னார். மேலே ஒரு சினிமாப் பாடகியின் பெயரைப் போட்டு, 'அவரைப் போல் இன்னொருவர்' என்று வாசகம். சேர்த்து அச்சடிக்கும் அதே ஷீட்டில், மறுநாள் அதே மேடையில் பாடும் பையனின் போஸ்டர். அவன் கையில் கிதார் இருந்தது. 'சொந்தப் பாடல்கள், புதிய ஓசை' என்றும் போட்டிருந்தது.

"சினிமாப் பாட்டு கேக்க வர்றவுக பாதியில எந்திரிச்சுப் போயிருவாகக்கா. அப்புறம் என்னைய யாரு கூப்பிடுவா?"

பாஸ்கர் சிரித்தார். "பொம்பளப் புள்ள முகம்னா கூட்டம் வரும்க்கா. மத்தாப்புப் பெட்டியில நீங்களே போடுறீகள்ல?"

சுருக்கென்றது. வாஸ்தவம்தான், பட்டாசு லேபிளும் நான்தான் போடுகிறேன். நன்றாக விற்கிற பெட்டியின் சாயலில் லேபிள் கேட்பதும் எங்கள் ஊரில் சகஜம். ஆனால் புதுச் சரக்கு என்றால் கொளுத்திப் பார்த்த பிறகுதான் நான் லேபிளில் கைவைப்பேன். என்ன கலர், எம்புட்டுச் சத்தம் என்று தெரியாமல் எதை எழுதுவது?

"தம்பி, இந்தப் புள்ள பாட்டு எப்படி இருக்கும்?"

"நல்லாருக்கும்க்கா."

"கேட்டீகளா?"

போனைத் தடவினார். "லிங்க் அனுப்புச்சு. அலைச்சல்ல கேக்கல."

"பையன் பாட்டு?"

"அதக் கேட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"போடுங்க, கேப்போம்" என்றேன். எனக்கும் ஆவல் தாங்கவில்லை.

ஏழாயிரம்பண்ணைக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டுக்குப் பெண்கள் போடும் சண்டைதான் பாட்டு. குரலில் நக்கலும் காரமும். அந்தச் சினிமாப் பாடகியின் சாயல் மருந்துக்கும் இல்லை. மிஷின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சிரித்தார்கள். பாஸ்கர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"வாசகத்த மாத்திருவோம்க்கா" என்றார். 'வேன் சண்டை பாடும் தேன்மொழி' என்று அவரே சொல்ல, நான் கிதாரைத் திரும்ப ஏற்றினேன். கச்சேரியில் கூட்டம் அந்தப் பாட்டை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாடுகிறவர்களின் போஸ்டர் ஆர்டர் வந்தால், சைஸ் கேட்பதற்கு முன்னால் "பாட்டைக் கேட்டீகளா?" என்று கேளுங்கள். ஆண் பாடினால் உடனே பதில் வருகிறது. பெண் என்றால், இன்னும் பல பேர் போனைத்தான் தடவுகிறார்கள்.