அலறியவனும் அலறாதவனும்

தாராவியில் எங்கள் சந்தில் நர்சிங் மாணவிகளுக்குப் பேரிடர்ப் பயிற்சி நடந்தது. கட்டடம் இடிந்ததாகப் பாவனை. அடிபட்டவர்களாக நடிக்க ஆள் வேண்டுமாம். விடுவேனா? தலையில் சிவப்புச் சாயத்தோடு தெருவே கேட்க அலறினேன்.

தமிழ் தெரிந்த மாணவி ஒருத்தி குனிந்து பார்த்தாள். "இவ்வளவு கத்துறீங்கன்னா மூச்சு நல்லாவே இருக்குண்ணா. காத்திருங்க." சத்தம் போடாதவர்களைத்தான் முதலில் பார்ப்பார்களாம். என் கலைக்கு அவ்வளவுதான் மரியாதை!

பக்கத்தில், கால் முறிந்தவனாக நடிக்க வந்த என் நண்பன் முருகன் சுவரில் சாய்ந்து வியர்த்துக் கொட்டினான். "ஏலே, நடிப்புல என்னையே மிஞ்சிட்டியே!" என்றேன்.

அவள் அவன் கையைத் தொட்டாள். அவள் முகம் மாறியது.

"நெஞ்சை அழுத்துதா?"

தலையசைத்தான்.

"இது டிரில் இல்ல, நிஜம்! சலோ!" என்று தோழிகளைப் பார்த்து இந்தியில் கத்தினாள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நொடியில் வேறு ஆட்களானார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லாத சந்து அது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, நாலு பேர் குலுங்காமல் தூக்கிப்போய், பயிற்சிக்காக நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் பிளந்த வாயோடு பின்னால் ஓடினேன்.

முருகன் பிழைத்துக்கொண்டான். ஆனால் என் கண்ணிலேயே நிற்பது, வண்டி போன பிறகு நடந்ததுதான். அந்தப் பெண் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் நடுங்கின.

"அண்ணா, நான் பார்த்த முதல் நிஜ பேஷண்ட் இவர்தான்."

அந்த நடுக்கத்தை அதுவரை எங்கே வைத்திருந்தாள் என்று இன்றும் வியக்கிறேன்.